ஆழம் ஐயத்துக்குரியது

டான்டனில் கடல் இல்லை.
டோன் ஆறு மட்டும், அங்காடிக்குப் பின்னால்,
தள்ளுவண்டி ஒன்றைப் பாதி விழுங்கியபடி ஓடுகிறது.
இங்கேதான், இரண்டாம் மாடியில்,
உலகத்துக் கடல்களை நாங்கள் திருத்துகிறோம்.

என் மேசைக்கு வந்தது ஒரு தீவு.
நீளம் பதினொரு கிலோமீட்டர். அகலம்,
ஓங்கி எறிந்தால் கல் மறுகடலில் விழும்.
உச்சி மூன்று ஆள் உயரம்.
தென்னை. அதைவிட அதிகமாக நண்டு.
மழை பெய்தால் மட்டும் நல்ல தண்ணீர்.
அருகிலுள்ள ஊர் என்று எழுத
அருகில் ஓர் ஊரும் இல்லை.

அதற்கு ஓர் அரசாங்கம் உண்டு:
லண்டனில், மூன்றாம் மாடியில், வலப்பக்கக் கதவு.
ஆணையர் ஒருவர், வேறு இரண்டு தீவுகளுக்கும் அவரே.
செவ்வாயும் வியாழனும் மட்டும் வரும் செயலாளர்.
கொடி உண்டு. அஞ்சல்தலையில் நண்டு உண்டு.
பவளம் பொறுக்கினால் அபராதம் உண்டு.
மக்கள்தொகை என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு. பூச்சியம்கூட இல்லை;
பூச்சியம் போட்டால்
யாரோ போய் எண்ணியதாக ஆகிவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில்,
உரிமை கோரும் மற்ற நாட்டிலிருந்து கடிதம் வரும்:
எங்கள் தீவை எங்கள் பெயரால் எழுதுக.
நாங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதுவோம்.
பிப்ரவரியில் நன்றி வரும், அதே உறையில் கண்டனமும்.

அக்டோபர் மழையில், க்ராலியிலிருந்து
மூன்று ரயில் ஏறி வந்தார் ஒஃபெலின் லதூர்.
இருபது வருடம் விமான நிலையத்தில்
சாப்பாட்டுத் தட்டு அடுக்கியவர்.
வரவேற்பில் ஒட்டிய பெயர்ச்சீட்டு
ஈரக் கோட்டில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.
"உங்கள் படத்தில் ஒரு பிழை" என்றார்.

விரித்தேன்.
மூக்கு காகிதத்தில் முட்டக் குனிந்தார்.
தேவாலயம் இருந்தது: கூரையற்றது, கடலிலிருந்து தெளிவாகத் தெரிவது.
சிலுவை இருந்தது. துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி இருந்தது.
"வீடுகள்?"
கப்பலுக்கு உதவாததை நாங்கள் குறிப்பதில்லை என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் வந்தது வீட்டுக்காக அல்ல.
வடமேற்குப் பாரில் ஒரு வாய்.
பழைய அளவீட்டில் இரண்டு பாகம்.
"நாலு" என்றார். "வற்றிலும் நாலு.
கயிறு விட்டவள் நான், பன்னிரண்டு வயது. அப்பா துடுப்பில்.
எங்களை ஏற்றிப்போன கப்பல் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே வந்தது.
இரண்டு பாகத்தில் அது எப்படி வந்திருக்கும்?
வரவில்லை என்றால், நாங்கள் போகவில்லை என்றுதானே?"

இரு கையையும் விரித்துக் காட்டினார், ஒரு பாகம்.
எங்கள் பக்கத்துக் கடலிலும் அளவு அதுவேதான்.
பெயர்ச்சீட்டு மறுபடி விழுந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு:
ஆழம் குறைவு என்று யார் சொன்னாலும் உடனே நம்புவோம்.
ஆழம் அதிகம் என்றால்
கப்பலும் கருவியும் தேதியும் கேட்போம்.
படிவம் கொடுத்தேன். நிதானமாக நிரப்பினார்.
கருவி: கயிறு, கல்.
தேதி: போவதற்கு முந்தின மழைக்காலம்.
தீவின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.
"அவர்கள் இருவரும் வைத்தது தெரியும்.
நாங்கள் லபா என்போம்."
அப்படியென்றால்?
"அங்கே."
பிறகு சிரித்தார். "அங்கே இருந்தபோது
இசி என்றோம். இங்கே."
எழுதியதை அடித்தார். அடித்ததன்மேல் மீண்டும் எழுதினார்.
எது என்று வாசிக்க முடியவில்லை.

நாலு போட எனக்கு அதிகாரம் இல்லை.
இரண்டை அழிக்கவும் இல்லை.
இரண்டின் அருகே, எறும்பளவு எழுத்தில்,
"ஆழம் ஐயத்துக்குரியது" என்று சேர்த்தேன்.
வாராந்தரத் திருத்தப் பட்டியலில்
பல்கேரிய மிதவைக்கும் சிலியின் விளக்குக்கும் நடுவில்
அது வெளியானது. யாரும் கவனிக்கவில்லை என்றே இருந்தேன்.

வியாழக்கிழமை, மூன்றாம் மாடியிலிருந்து ஒரு வரி:
ஐயப்பட்டது யார்?

படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.
மழைத்துளி பட்டு ஊறிய மூலை இன்னும் சுருங்கியே இருக்கிறது.
இன்று செவ்வாய்.
செயலாளர் வந்திருப்பார்.